அரைப் புள்ளியும் அருமையே!

போட்டி என்றாலே ஒருவருக்கு வெற்றி, மற்றவருக்குத் தோல்வி என்றுதான் நாம் நினைக்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவளுக்குக் கோப்பை, மற்றவர்களுக்குக் கைதட்டல். ஆனால் சதுரங்க விளையாட்டில் மூன்றாவதாக ஒரு முடிவும் உண்டு. இருவரும் வெல்லாமலும் இருவரும் தோற்காமலும் ஆட்டம் முடிந்தால் அதை ‘டிரா’ என்கிறார்கள். வென்றவருக்கு ஒரு புள்ளி, தோற்றவருக்குச் சுழி, டிராவானால் ஆளுக்கு அரைப் புள்ளி.

பார்வைக்குச் சிறியதான இந்த அரைப் புள்ளி, சில வேளைகளில் முழுப் புள்ளியைக் காட்டிலும் விலைமதிப்புள்ளது. அதைத் தம் வாழ்க்கையாலேயே காட்டிச் சென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விரும்பினோம். அவர்தாம் பெண்களுக்கான உலகச் சதுரங்கப் பட்டத்தை முதன்முதலில் வென்ற வேரா மென்சிக்.

வேரா 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் செக் இனத்தவர். பண்ணை நிலங்களை மேற்பார்வை செய்யும் பணியில் இருந்தார். தாயார் ஆங்கிலேயப் பெண்மணி, பெயர் ஆல்கா. தாயின் பெயரையே கொண்ட தங்கை ஒருத்தியும் வேராவுக்கு உண்டு. வேராவுக்கு 9 வயதானபோது தந்தையார் ஒரு சதுரங்கப் பெட்டியை வாங்கித் தந்து ஆடக் கற்றுக்கொடுத்தார். அந்த நாளில் அது பொழுதுபோக்காகவே இருந்தது.

1917ஆம் ஆண்டு ரஷ்யாவில் புரட்சி வெடித்தது. வசதியாக வாழ்ந்த குடும்பம் சொத்துகளை இழந்தது. 1921இல் அவர்கள் நாட்டை விட்டே வெளியேறினார்கள். தந்தை தம் சொந்த நாட்டிற்குத் திரும்பிவிட, தாயார் இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரை ஊரில் இருந்த பாட்டியிடம் வந்து சேர்ந்தார். அப்போது வேராவுக்கு வயது 15. இன்று பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் வயதுதான்! அந்த வயதில் வீடு, ஊர், பள்ளித் தோழியர், தந்தை ஆகிய அனைத்தையும் ஒரே ஆண்டில் பிரிவது எத்தகைய துயரம் என்பதை எங்களால் ஓரளவு எண்ணிப் பார்க்க முடிகிறது.

புதிய ஊரில் அவருக்கு ஆங்கிலம் சரளமாக வரவில்லை. பேசத் தயங்கிய அந்தப் பெண்ணுக்குப் பேச்சே தேவைப்படாத விளையாட்டு ஒன்று துணையாயிற்று. சதுரங்கப் பலகைக்கு முன் அமர்ந்துவிட்டால் ரஷ்யமொழிக்காரரும் ஆங்கிலமொழிக்காரரும் ஒன்றே. ராணியும் யானையும் குதிரையும் எல்லா மொழியிலும் ஒரே மாதிரிதான் நகர்கின்றன. 1923இல் வேரா அவ்வூர்ச் சதுரங்கக் கழகத்தில் சேர்ந்தார். ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் விடுமுறையில் உலகப் புகழ் வாய்ந்த ஆட்டக்காரர்கள் வந்து கூடும் ஊர் அது. ஹங்கேரி நாட்டின் பேரறிஞரான கேசா மரோட்சி அக்காலத்தில் அங்கே தங்கியிருந்தார். அவரிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு வேராவுக்குக் கிடைத்தது. அவசரப்படாமை, சிப்பாய் வரிசையைக் கட்டுக்கோப்பாக வைத்தல், காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டத்தைப் பொறுமையாக ஆடுதல் ஆகியவை வேராவின் ஆட்டத்தில் ஊறிப்போயின.

1926இல் பிரிட்டனில் முதன்முறையாகப் பெண்பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட சதுரங்கப் போட்டியில் வேராவே முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டும் அவரே வென்றார். 1927ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கான முதல் உலகப் போட்டி லண்டன் மாநகரில் நடைபெற்றது. 11 ஆட்டங்களில் 10 வெற்றி, ஒரு டிரா! ஒன்றில்கூடத் தோற்காமல் 21ஆம் வயதில் உலகப் பட்டத்தைச் சூடினார்.

இத்துடன் வரலாறு முடிந்திருந்தால் அவரைப் பற்றி எழுத இரண்டு பக்கம் தேவைப்பட்டிராது. பெண்கள் அரங்கில் தமக்கு நிகரில்லை என்று அறிந்தவுடன் வேரா ஆண்களின் பெரும் போட்டிகளில் ஆடத் துணிந்தார். அங்கே நிலைமை தலைகீழ். இங்கே வலியவர், அங்கே எளியவர். தம் வாழ்நாள் முழுவதும் இவ்விரு பலகைகளிலும் அவர் மாறி மாறி அமர்ந்தார்.

இவ்விடத்தில், சதுரங்கம் தெரியாத தோழியருக்காகச் சிறிது விளக்க விரும்புகிறோம். வலிமை குறைந்தவர் வலியவரோடு ஆடும்போது வெல்வது அரிது. ஆனால் தோற்காமல் இருக்க வழிகள் உண்டு. ஒரே நிலை மூன்று முறை திரும்ப வந்தால் டிரா கேட்கலாம். எதிரியின் ராஜாவுக்கு ஓயாமல் ‘செக்’ கொடுத்துக்கொண்டே இருந்தாலும் டிராவில் முடியும். நமது ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் எந்தக் காயையும் நகர்த்த வழியும் இல்லை என்றால் அதுவும் டிரா. எதிரியிடம் ராஜாவும் பலகையின் ஓரக் கட்ட வரிசையில் ஒரேயொரு சிப்பாயும் மிஞ்சியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் இருப்பதோ தனி ராஜா. அந்த ராஜா அச்சிப்பாய்க்கு முன்னாலுள்ள மூலைக் கட்டத்தில் போய் அமர்ந்துகொண்டால் எத்தனை பெரிய வீரராலும் நம்மை வெல்ல இயலாது. ஆனால் அந்த மூலையை அடைவதற்கு எத்தனையோ நகர்த்தல்களுக்கு முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும். சோர்ந்துபோய் விட்டுக்கொடுப்பவருக்கு அந்த மூலை கண்ணில் படாது. ஆகவே வலியவரிடம் எடுத்த டிரா, அதிர்ஷ்டத்தால் வருவது குறைவு. பல மணி நேரம் தளராமல் உட்கார்ந்திருந்ததற்குக் கிடைக்கும் கூலி அது.

இன்று ஆட்டக்காரர்களின் வலிமையை எண்ணால் அளக்கிறார்கள். அர்பாத் ஏலோ என்னும் பேராசிரியர் வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. இருவருக்கிடையே 400 தரப்புள்ளி வித்தியாசம் இருந்தால், பத்து ஆட்டங்களில் வலியவர் ஒன்பது புள்ளிக்கு மேல் எடுப்பார் என்று அந்தக் கணக்கு எதிர்பார்க்கிறது. எளியவர் ஒரு டிரா செய்துவிட்டால் அவருடைய தரம் உயர்கிறது. வலியவருடைய தரம் இறங்குகிறது. இருவரும் பெற்றது அதே அரைப் புள்ளிதான். ஆயினும் ஒருவர் மகிழ்ந்து எழுந்திருக்கிறார். மற்றவர் தலைகுனிந்து எழுந்திருக்கிறார். வேராவின் காலத்தில் இக்கணக்கு இல்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியும் அந்த வருத்தமும் அப்போதும் இருந்தன.

1929ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் நகரில் வெளிநாட்டு வீரர்கள் எழுவர், உள்நாட்டு வீரர்கள் எழுவருடன் மோதினர். வேரா வெளிநாட்டு அணியில் இடம்பெற்றார். முன்னாள் உலகச் சாம்பியனான கியூபா நாட்டின் கபபிளாங்கா ஐந்தரைப் புள்ளியுடன் முதலிடம் பெற்றார். வேரா 3 வெற்றி, 4 டிரா எனத் தோல்வியே காணாமல் 5 புள்ளி எடுத்து, மாவீரர் ரூபின்ஸ்டீனுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த நான்கு அரைப் புள்ளிகள் இல்லாவிட்டால் அவர் பெயர் பட்டியலில் எங்கோ கீழே கிடந்திருக்கும். சிறு துளிதானே பெருவெள்ளம்!

அதே ஆண்டில் கார்ல்ஸ்பாத் நகரில் 22 பேர் கலந்துகொண்ட பெரும் போட்டி நடந்தது. ஒரு பெண்ணை அதில் சேர்த்ததைச் சிலர் விரும்பவில்லை. வியன்னாவைச் சேர்ந்த ஆல்பர்ட் பெக்கர் என்பவர், வேராவிடம் தோற்பவர்களைக் கொண்டு ‘வேரா மென்சிக் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கலாம் என்று கேலி பேசினார். வேரா பதிலுக்கு ஒன்றும் பேசவில்லை. பலகைக்கு முன் அமர்ந்தார், பெக்கரை வென்றார். கேலி செய்தவரே சங்கத்தின் முதல் உறுப்பினரானார்!

பின்னாளில் அச்சங்கத்தில் சேர்ந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ஒன்றுபட்ட இந்தியாவின் பஞ்சாப் மண்ணிலிருந்து சென்று பிரிட்டிஷ் பட்டத்தை மூன்று முறை வென்ற சுல்தான் கான் அவர்களுள் ஒருவர். ஹாலந்து நாட்டின் மாக்ஸ் ஊவே இரண்டு முறை வேராவிடம் தோற்றார். இவர் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியராகப் பணியாற்றியவர். 1935இல் உலகச் சாம்பியனே ஆனவர். ஆசிரியரை மிஞ்சிய பெண் என்று வேராவைச் சொன்னால் அது மிகையாகாது அல்லவா?

ஆனால் வெற்றிகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாங்கள் உண்மையை மறைத்தவர்களாவோம். அந்தக் கார்ல்ஸ்பாத் போட்டியில் வேரா 21 ஆட்டங்களில் வென்றது இரண்டே, டிரா இரண்டு, தோற்றது 17. கடைசி இடம். கபபிளாங்காவிடமும், அவருக்குப் பின் உலகச் சாம்பியனான அலெகினிடமும் எத்தனையோ முறை ஆடியும் வேராவால் அரைப் புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அப்படியிருந்தும் அடுத்த அழைப்பு வந்தபோது அவர் மறுக்கவில்லை.

இவ்வரிசையில் எங்கள் மனத்தை மிகவும் உருக்கியது 1935ஆம் ஆண்டின் மாஸ்கோ போட்டியே. 15 வயதில் வீடிழந்து வெளியேறிய அதே நகரத்திற்கு, உலகச் சாம்பியன் என்ற பெயருடன் வேரா திரும்பி வந்தார். நுண்கலை அருங்காட்சியகத்தில் ஆட்டங்கள் நடைபெற்றன. 20 பேர் கலந்துகொண்டனர். இளைஞர் போத்வின்னிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவின் புளோரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். 66 வயது முதியவரான லாஸ்கர் மூன்றாமிடம் பெற்றார். வேராவின் நிலை என்ன? 19 ஆட்டங்கள், ஒரு வெற்றியும் இல்லை, 16 தோல்விகள், 3 டிரா. மொத்தம் ஒன்றரைப் புள்ளி!

பிறந்த ஊரில், தாய்மொழி போலப் பேசி வளர்ந்த மொழி காதில் விழும் கூட்டத்தின் நடுவில், நாள்தோறும் தோற்பது எப்படி இருந்திருக்கும்? உடல்நலமில்லை என்று சொல்லிப் பாதியில் விலகியிருக்கலாம். தோற்றுப்போன ஆட்டங்களுக்குப் பின் வந்த ஆட்டங்களை ஏனோதானோ என்று ஆடியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. 19 நாளும் பலகைக்கு முன் வந்து அமர்ந்தார். இறுதியில் உலகின் தலைசிறந்த வீரர்கள் கூடியிருந்த அவையில் மூன்று பேரால் அவரை வெல்ல முடியாமற் போயிற்று. புள்ளிப் பட்டியலின் அடிவரிசையைப் பார்ப்பவர்கள் முதலில் அந்தச் சுழிகளைத்தான் காண்பார்கள். நாங்களோ சுழிகளுக்கு இடையே நிற்கும் அந்த மூன்று அரைகளைப் பார்க்கிறோம். ஒவ்வொரு நாளும் முந்திய நாளின் தோல்வியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவருக்கே அந்த அரைகள் கிட்டும்.

இனி மறுபுறத்தையும் பார்ப்போம். பெண்களின் உலகப் போட்டிகள் 1927 முதல் 1939 வரை ஏழு முறை நடைபெற்றன. லண்டன், ஹாம்பர்க், பிராக், போக்ஸ்டன், வார்சா, ஸ்டாக்ஹோம், பியூனஸ் அயர்ஸ் ஆகிய ஏழு இடங்களிலும் வென்றவர் வேரா ஒருவரே. இவற்றில் அவர் ஆடிய ஆட்டங்கள் 83. வெற்றி 78, டிரா 4, தோல்வி ஒன்றே ஒன்று, 1930இல் ஹாம்பர்க்கில். நான்கு போட்டிகளில் எல்லா ஆட்டங்களையும் வென்றிருக்கிறார்!

இங்கே வலியவர் வேரா. அவருக்கு எதிரே அமர்ந்த பெண்கள் எளியவர்கள். 83 ஆட்டங்களில் நான்கே நான்கு முறைதான் அவரிடமிருந்து அரைப் புள்ளி பெற முடிந்தது. மாஸ்கோவில் மாபெரும் வீரர்களிடமிருந்து வேரா எடுத்த அரைப் புள்ளி அவருக்கு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது இந்தப் பெண்களுக்கு வேராவிடமிருந்து எடுத்த அரைப் புள்ளி. தோல்வியின் கசப்பைத் தாமே உண்டவராதலால் வேரா எதிராளியை இகழ்ந்ததில்லை. அமைதியானவர், நற்குணமுடையவர் என்றே அவரோடு ஆடியவர்கள் அவரை நினைவு கூர்ந்தார்கள்.

1937ஆம் ஆண்டு வேரா, இங்கிலாந்தின் சதுரங்கப் போட்டிகளை அமைத்து நடத்திவந்த ஸ்டீவன்சன் என்பவரை மணந்தார். கணவர் அவரைவிட 28 வயது மூத்தவர். 1939இல் பியூனஸ் அயர்ஸில் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 17 வெற்றி, 2 டிராவுடன் ஏழாம் முறையாகப் பட்டத்தை வென்று வேரா லண்டன் திரும்பினார். அங்கே புதிதாகத் திறக்கப்பட்ட தேசியச் சதுரங்க மையத்தை நிர்வகிக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. 1940இல் குண்டுவீச்சில் அம்மையம் அழிந்தது. 1942இல் ஜாக்கஸ் மீசஸ் என்ற முதுபெரும் வீரருடன் 10 ஆட்டங்கள் கொண்ட போட்டியில் மோதி 4 வெற்றி, 5 டிரா, ஒரு தோல்வி என வேரா வென்றார். மறு ஆண்டே கணவர் காலமானார். போருக்கு நடுவிலும், துயரத்துக்கு நடுவிலும் அவர் சதுரங்கத்தைக் கைவிடவில்லை.

1944ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் இறுதி நாட்கள். லண்டன் நகர்மீது ஜெர்மனி ஆளில்லாப் பறக்கும் குண்டுகளை ஏவிக்கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்று கிளாப்பம் பகுதியில் வேரா குடியிருந்த வீட்டின்மேல் விழுந்தது. வேரா, தாயார், தங்கை ஆல்கா ஆகிய மூவரும் மாண்டனர். அவர் வென்ற கோப்பைகளும் வீட்டோடு அழிந்தன. அப்போது அவருக்கு 38 வயது. பட்டத்தை எவரிடமும் இழக்காமல் உலகச் சாம்பியனாகவே அவர் மறைந்தார். அவருடைய இடத்திற்கு அடுத்த சாம்பியனை சோவியத் ஒன்றியத்தின் லுட்மிலா ருடென்கோ என்ற பெயரில் உலகம் கண்டது 1950ஆம் ஆண்டில்தான்.

கோப்பைகள் அழிந்த வீட்டுக்காரியின் பெயரிலேயே பின்னர் ஒரு கோப்பை எழுந்தது! 1957இல் தொடங்கிய பெண்கள் சதுரங்க ஒலிம்பியாட் போட்டியில் வெல்லும் நாட்டிற்கு அளிக்கப்படுவது ‘வேரா மென்சிக் கோப்பை’. 2022இல் நம் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது உக்ரைன் நாட்டுப் பெண்கள் முதலிடம் பெற்றனர். இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றனர். 2024இல் புடாபெஸ்ட் நகரில் இந்தியப் பெண்களே தங்கம் வென்றார்கள். அவ்வணியில் சென்னைப் பெண் வைஷாலியும் இருந்தார். அணிப் போட்டி என்பதால் அங்கும் ஒவ்வொரு அரைப் புள்ளியும் எண்ணப்படும். ஒருத்தி தோற்க வேண்டிய ஆட்டத்தை டிரா செய்து காப்பாற்றினால் அது அணி முழுவதையும் காப்பாற்றும்.

அன்புத் தோழியரே! நம்மில் எல்லோரும் முதல் மதிப்பெண் பெறுவதில்லை. நம்மைவிடத் திறமைசாலிகளோடு அமர்ந்து படிக்கிறோம், ஓடுகிறோம், பாடுகிறோம், பேசுகிறோம். அவர்களை வெல்ல முடியாது என்று தெரிந்ததும் பெயரைக் கொடுக்காமலே ஒதுங்கிவிடுவது எளிது. வேரா மென்சிக் ஒதுங்கவில்லை. தமக்கு நிகரில்லாத அரங்கில் மட்டுமே ஆடிப் புகழோடு இருந்திருக்கக் கூடியவர், தம்மை விட வலியவர்களைத் தேடிப் போய்த் தோற்றார், தோற்றுக் கற்றார், கற்று அரை எடுத்தார், சில நாட்களில் முழுப் புள்ளியும் எடுத்தார்.

அன்புப் பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! மதிப்பெண் பட்டியலை நாங்கள் நீட்டும்போது அதில் சுழிகள் இருக்கலாம். அவற்றுக்கிடையே எங்கேனும் ஓர் அரை தென்பட்டால் அதையும் சற்றே நின்று பாருங்கள். எந்த வலியவரோடு போராடி அது வந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, அடுத்த ஆட்டத்திற்கு எங்களை மீண்டும் பலகைக்கு முன் உட்கார வைக்கும்.